மார்ச் மூன்றுக்கு வந்த விருந்தாளிகள்

ஏழு படிகள், சிவப்பு விரிப்பு, மேல்படியில் பொன்னிற மடக்குத் திரைக்கு முன்னால் அரசரும் அரசியும். ஜப்பானில் மார்ச் 3-ஆம் தேதி பெண் குழந்தைகளுக்காக வைக்கிற ஹினா மட்சுரி கொலு இது. வேற்று நாட்டுக் குழந்தைகளுக்கு இதைக் காட்டும் பெரியவர்கள் மேலிருந்துதான் தொடங்குகிறார்கள். இவர் அரசர், இவர் அரசி, இது இதற்கு அடையாளம், அது அதற்கு அடையாளம் என்று போகும். மூன்றாவது அடையாளத்துக்குள் குழந்தையின் கண் ஜன்னல் பக்கம் போய்விடும். என்னைக் கேட்டால் ஐந்தாம் படியில் தொடங்கவேண்டும்.

ஐந்தாம் படியில் மூன்று வேலையாட்கள். ஒருவன் அழுகிறான், ஒருவன் கோபத்தில் முகத்தைச் சுளிக்கிறான், ஒருவன் வாய்விட்டுச் சிரிக்கிறான். மூவருமே குடித்திருக்கிறார்கள் என்று ஜப்பானில் ஒரு விளக்கம் உண்டு. உள்ளே போனால் சிலருக்கு அழுகை, சிலருக்குச் சண்டை, சிலருக்குச் சிரிப்பு. டோக்கியோ பக்கத்துக் கொலுவில் இவர்கள் கையில் குடை, செருப்பு வைக்கிற தட்டு, தொப்பி மாட்டிய கழி என்று ஊர்வலச் சாமான்கள் இருக்கும். கியோட்டோ பக்கம் போனால் துடைப்பம், சருகு வாரி, குப்பை முறம். ஒரே ஆட்கள்தான், ஓர் ஊரில் எஜமானரோடு வெளியே கிளம்புகிறார்கள், இன்னோர் ஊரில் வாசல் பெருக்குகிறார்கள்.

முழுக் கொலுவில் மொத்தம் 15 பேர். அவர்களில் மனத்தில் இருப்பது முகத்தில் தெரிவது இந்த மூவருக்கு மட்டும்தான். படி ஏற ஏற முகம் அடங்கிக்கொண்டே போகிறது. உச்சியில் இருக்கும் இரண்டு முகங்களிலும் மகிழ்ச்சியா, அலுப்பா, எதுவென்று சொல்லமுடியாத ஒரு வெண்மை. பதவிக்கும் முகத்துக்கும் நடுவில் உள்ள இந்தக் கணக்கை யாரும் எடுத்துச் சொல்லவேண்டாம். கொஞ்ச நேரம் சும்மா பார்க்க விட்டால் ஏழு வயதுப் பிள்ளை தானே பிடித்துவிடும்.

நாலாம் படி: இரண்டு அமைச்சர்கள். வில்லும் அம்பும் ஏந்தி, ஒருவர் வெள்ளைத் தாடியோடு, ஒருவர் இளைஞராக. இவர்களை வேகமாகக் கடந்துவிடலாம். மூன்றாம் படியில்தான் நிற்கவேண்டும். அங்கே ஐந்து பையன்கள் கச்சேரி செய்கிறார்கள். நமக்கு வலது கோடியில் இருப்பவன் கையில் விசிறி மட்டும், அவன் பாட்டுக்காரன். அடுத்தவன் குழல் ஊதுகிறான். அடுத்தவன் தோளில் ஏற்றி அடிக்கிற சின்ன மேளம், அதற்கடுத்தவன் இடுப்போடு வைத்து அடிக்கிற சற்றுப் பெரிய மேளம், இடது கோடியில் இரண்டு குச்சி பிடித்தவன் தைகோ. வலமிருந்து இடமாகக் கண்ணை ஓட்டினால் சத்தம் ஒவ்வொரு ஆளாக ஏறிக்கொண்டே போகிறது. குரல், குழல், கைமேளம், பெருமேளம், குச்சிமேளம். ஒலியே இல்லாத மரப்படியில் ஒலியின் அளவை வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். யாராவது அவசரத்தில் இரண்டு பேரை மாற்றி வைத்துவிட்டால் தெரிந்தவர்களுக்குக் காது கூசும் போலிருக்கிறது.

இரண்டாம் படியில் மூன்று அந்தப்புரப் பெண்கள், சாக்கே என்ற அரிசி மது பரிமாறும் பாத்திரங்களோடு. நடுவில் இருப்பவளை உற்றுப் பார்த்தால் அவளுக்குப் புருவம் இருக்காது. பல கொலுக்களில் பல்லும் கறுத்திருக்கும். பழைய ஜப்பானில் மணமான பெண்கள் புருவத்தை மழித்துப் பல்லுக்குக் கறுப்பு ஏற்றிக்கொள்வார்கள். அதனால் இவள்தான் மூவரில் மூத்தவள், மற்ற இருவருக்கும் மேற்பார்வை. விரல் நகத்தளவு முகத்தில் இரண்டு கோட்டை வரையாமல் விட்டதாலேயே ஒருத்தியின் வயது, உத்தியோகம், குடும்ப நிலை மூன்றும் தெரிந்துவிடுகின்றன.

உச்சியில் இருக்கும் அரசியின் அழகு முகத்தில் இல்லை, சட்டைக் கையின் விளிம்பில் இருக்கிறது. பன்னிரண்டு அடுக்கு உடை என்று பெயர் பெற்ற அரண்மனை உடுப்பு அது. அத்தனை அடுக்கும் மணிக்கட்டருகே ஒவ்வொரு நூலளவு வெளியே எட்டிப் பார்க்கும்: பச்சை, அதற்குள் மஞ்சள், அதற்குள் சிவப்பு. உள்ளே இருப்பதை யாரும் பார்க்கப்போவதில்லை, ஆனாலும் விளிம்பு சரியாக இருக்கவேண்டும். அரசர் எந்தப் பக்கம் உட்காரவேண்டும் என்பதில் இன்றும் இரண்டு கட்சி. கியோட்டோவில் நமக்கு வலப்புறம், அது அரண்மனையின் பழைய வழக்கம். டோக்கியோவில் இடப்புறம். அரச குடும்பம் மேலை நாட்டு முறைப்படி நிற்கத் தொடங்கிய பிறகு அந்த மாற்றம் கொலுவுக்கும் இறங்கிவந்தது. கியோட்டோக்காரர்கள் மட்டும் அசைந்து கொடுக்கவில்லை.

கீழிரண்டு படிகளில் மனிதர்கள் இல்லை, சீர்வரிசை மட்டும். இழுப்பறைப் பெட்டி, கண்ணாடி, தையல் பெட்டி, தேநீர்ச் சாமான், பல்லக்கு, மாடு பூட்டிய வண்டி. எல்லாம் கறுப்பு அரக்குப் பூச்சில் பொன் வேலை. நல்ல கொலுவாக இருந்தால் இழுப்பறையை உண்மையாகவே இழுக்கலாம்.

நம் வாசகர்களுக்கு நவராத்திரி நினைவு வராமல் இருக்காது. ஒற்றைப்படையில் படி, சீர்வரிசை, பெண் குழந்தைகளின் அதிகாரம் என்று ஒற்றுமைகள் நிறைய. ஆனால் நம் கொலுவில் தசாவதாரத்துக்குப் பக்கத்தில் கிரிக்கெட் அணி இருக்கலாம், செட்டியார் கடைக்கு எதிரில் ராக்கெட் நிற்கலாம். வருஷத்துக்கு ஒரு புதுப் பொம்மை சேரவேண்டும் என்பதே வழக்கம். ஜப்பானியக் கொலுவில் ஒரே ஒரு காட்சிதான், அதில் ஒரு ஆள் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. நமது கொலு வளரும், அவர்களுடையது நிலைக்கும். இரண்டையும் பார்த்து வளர்கிற பிள்ளைக்கு இந்த வித்தியாசம்தான் சுவை.

பண்டிகைச் சாப்பாட்டிலும் இதே நுணுக்கம். பச்சை, வெள்ளை, இளஞ்சிவப்பு என மூன்று நிறம் அடுக்கிச் சாய்சதுரமாக வெட்டிய அரிசி மோச்சி. கூடவே சிப்பி சூப். இந்தச் சிப்பியின் இரண்டு ஓடுகள் ஒன்றோடொன்றுதான் பொருந்தும், வேறு எந்தச் சிப்பியின் ஓட்டோடும் பொருந்தாது. மகளுக்கு அமையப்போகும் வாழ்க்கையைப் பற்றிப் பெற்றோருக்கு இருக்கும் ஆசை சூப்புக் கிண்ணத்தின் அடியில் கிடக்கிறது. நாள் கழிந்ததும் பொம்மைகளை உடனே எடுத்து வைத்துவிடவேண்டும், தாமதித்தால் பெண்ணுக்குக் கல்யாணம் தள்ளிப்போகும் என்று ஒரு நம்பிக்கையும் உண்டு. கொலு வைக்கும்போது இருக்கிற உற்சாகம் எடுக்கும்போது இருப்பதில்லை என்று கண்டுகொண்ட ஒரு தாய்தான் இதைக் கிளப்பிவிட்டிருக்கவேண்டும்.

இந்தப் பண்டிகைக்கு 1927-ல் ஆயிரக்கணக்கான வெளிநாட்டு விருந்தாளிகள் கப்பலேறி வந்தார்கள். அனைவரும் பொம்மைகள்.

பின்னணி கசப்பானது. 1924-ல் அமெரிக்கா கொண்டுவந்த குடியேற்றச் சட்டம் ஜப்பானியர்களுக்குக் கதவை அடைத்தது. சிட்னி குலிக் என்ற மிஷனரி 1888-இலிருந்து சுமார் கால் நூற்றாண்டு ஜப்பானில் வாழ்ந்தவர். அந்தச் சட்டப் போக்கை எதிர்த்து எழுதியும் பேசியும் பார்த்தார், பலிக்கவில்லை. பெரியவர்களிடம் தோற்றவர் குழந்தைகளிடம் போனார். ஜப்பானியப் பெண் குழந்தைகளுக்கு ஒரு பொம்மைப் பண்டிகை இருக்கிறது, அதில் கலந்துகொள்ள அமெரிக்கக் குழந்தைகள் தங்கள் சார்பில் ஒரு பொம்மையை அனுப்பட்டும் என்றார்.

இந்த யோசனையின் நயம் அதன் தேதியில் இருக்கிறது. குலிக் கிறிஸ்தவ ஊழியர். தன் நாட்டுப் பண்டிகையைக் கட்டி அனுப்ப நினைத்திருந்தால் கிறிஸ்துமஸ் கையெட்டும் தூரத்தில் இருந்தது. அவர் எதிர்வீட்டு விசேஷத்துக்கு நாள் பார்த்து ஆளனுப்பினார். அதுவும் சும்மா அனுப்பவில்லை. ஒவ்வொரு பொம்மைக்கும் ஒரு பெயர், ஒரு பாஸ்போர்ட், ஒரு பயணச்சீட்டு, குழந்தைகள் கைப்பட எழுதிய ஒரு கடிதம். பொம்மையைக் கடையில் வாங்கலாம், உடுப்பை வீட்டில் தைக்கவேண்டும். தைக்க உட்கார்ந்த பிள்ளைகள் இவள் எந்த ஊருக்குப் போகிறாள், அங்கே இப்போது குளிரா, அங்கே என்ன விசேஷம் என்று கேட்காமல் இருந்திருப்பார்களா? ஒரு பட்டன் தைக்கிற நேரத்தில் ஒரு நாட்டைப் பற்றித் தெரிந்துகொள்வதை எந்தப் பாடப்புத்தகமும் மிஞ்சமுடியாது.

அப்படிப் போனவை 12,739 என்று கணக்கு. 1927 மார்ச் 3 அன்றே டோக்கியோவில் வரவேற்பு விழா நடந்தது. முன்னின்று நடத்தியவர் ஷிபுசாவா எயிச்சி. எண்பது வயதைத் தாண்டிய தொழிலதிபர். 2024 முதல் பத்தாயிரம் யென் நோட்டில் இருப்பது இவர் முகம்தான். பிறகு பொம்மைகள் நாடெங்கும் ஆரம்பப் பள்ளிகளுக்கும் மழலையர் பள்ளிகளுக்கும் பிரிந்து போயின. படுக்க வைத்தால் கண்ணை மூடும், சாய்த்தால் "மாமா" என்று குரல் கொடுக்கும் வகைப் பொம்மைகள் அவை. நீலக் கண். நோகுச்சி உஜோ எழுதிய ‘நீலக்கண் பொம்மை’ என்ற குழந்தைப் பாட்டு 1921-லேயே வந்து ஜப்பானில் பரவியிருந்தது. அதனால் வந்தவர்களுக்கு அந்தப் பெயரே நின்றுவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், இந்தப் பொம்மை அமெரிக்காவில் குழந்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிகிற, தரையில் இழுபடுகிற பொம்மை. ஜப்பானில் மார்ச் 3-ன் பொம்மை பார்ப்பதற்கு மட்டுமே. அந்தப் பண்டிகைக்கென்று வந்ததால் இவளும் பல பள்ளிகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் மரியாதையாக ஏறி உட்கார்ந்துவிட்டாள். கொஞ்சப்படவேண்டியவள் வணங்கப்பட்டாள். கண்ணைத் திறந்து மூடிப் பார்க்க எத்தனை சின்னக் கைகள் துடித்திருக்குமோ!

பதில் சீர் அனுப்பாமல் விடுகிற நாடா அது? அந்த ஆண்டு முடிவதற்குள் 58 பொம்மைகள் தயாராயின. 47 மாகாணங்களுக்கும் ஒவ்வொன்று, பெருநகரங்கள் ஆறுக்கு ஆறு, அன்று ஜப்பானின் பிடியில் இருந்த கொரியா, தைவான் முதலான பகுதிகளுக்கு நான்கு, நாட்டின் பெயரில் ஒன்று. அந்தக் கணக்கில் ஏகாதிபத்தியமும் கமுக்கமாகப் பயணம் செய்திருக்கிறது என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. அமெரிக்கப் பொம்மைகளைப் பெற்ற பள்ளிகளின் மாணவிகள் ஆளுக்கு ஒரு சென் போட்டார்கள். சென் என்பது ஒரு யென்னில் நூறில் ஒரு பங்கு.

இந்த 58-ம் ஒவ்வொன்றும் 80 சென்டிமீட்டருக்கு மேல், நிற்கிற மூன்று வயதுக் குழந்தையின் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவு. முகத்தில் பூசியிருப்பது கோஃபுன்: சிப்பி ஓட்டை மாவாக அரைத்து, விலங்குப் பசையில் குழைத்த வெள்ளை. ஒரு பூச்சு காய்ந்து அடுத்த பூச்சு, அது காய்ந்து அடுத்தது என்று பல முறை. கண்ணாடிக் கண்ணைக் குழியில் பதித்த பிறகு அதன் மேலேயே இந்த வெள்ளையை முழுசாகப் பூசிவிடுவார்கள். சிறிது நேரத்துக்கு அந்த முகத்தில் கண்ணே இருக்காது, வழவழப்பான ஒரு மேடு மட்டும். பிறகு கைவினைஞர் கூர்மையான கத்தியை எடுத்து அந்த மேட்டில் இமைக்கோட்டை அறுத்துத் திறப்பார். கத்தி மயிரிழை மேலே போனால் பொம்மை திடுக்கிட்டுப் பார்க்கும், கீழே போனால் தூங்கி விழும். நம் சிற்பிகள் கடைசியாகக் கண் திறப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த அறையில் ஏன் யாரும் பேசமாட்டார்கள் என்பது புரியும். புருவத்தை ஒரே கோடாக இழுப்பதில்லை, மயிர் மயிராகத் தூரிகையால் போடுவார்கள். தலையில் மனிதத் தலைமுடி, நெற்றியில் நேராகக் கத்தரித்துத் தொங்கும்.

இவற்றைச் செய்தவர்களில் ஒருவர் ஹிராத்தா கோயோ. அப்போது இருபதுகளில் இருந்த இளைஞர். 1955-ல் அவருக்கு ‘வாழும் தேசியப் பொக்கிஷம்’ என்று நாட்டார் சொல்லும் அரசு மரியாதை கிடைத்தது. அவர் கைப் பொம்மைகளின் முகத்தில் மற்றப் பொம்மைகளில் இருக்கும் அழகுப் பதுமைத்தனம் இருக்காது. பக்கத்து வீட்டுச் சிறுமி போட்டோவுக்கு நிற்கச் சொன்னதும் கொஞ்சம் விறைத்துக்கொண்டதைப் போல இருக்கும்.

கூடவே போன சாமான்களைப் பாருங்கள். இழுப்பறைப் பெட்டி, நீளப் பெட்டி, கண்ணாடி மேடை, தையல் பெட்டி, தேநீர்ச் சாமான்கள், விளக்குத் தண்டு, குடை, மாற்றுச் செருப்பு. எல்லாம் அரக்குப் பூச்சில், பொம்மையின் கைக்கு ஏற்ற அளவில். கொலுவின் ஆறாம் படியும் ஏழாம் படியும் இறங்கிக் கப்பலேறிவிட்டன என்றே சொல்லலாம். பூவும் கொக்கும் போட்ட கிமோனோப் பட்டு, பெரியவர்களின் துணியை வெட்டித் தைத்ததாகத் தெரியாது. இந்த உயரத்துக்கென்றே சித்திரத்தைச் சுருக்கிச் சாயம் போட்டிருக்கிறார்கள். பெரிய பூ வைத்த துணியைச் சின்ன உடம்பில் சுற்றினால் பொம்மை பொம்மையாகத் தெரியும். பூவும் சுருங்கினால்தான் அவள் ஒரு பெண்ணாகத் தெரிவாள்.

1927 நவம்பரில் தென்யோ மாரு கப்பலில் இவர்கள் சான் பிரான்சிஸ்கோ போய்ச் சேர்ந்தார்கள். நூற்றுக்கணக்கான ஊர்களில் வரவேற்பு. பிறகு ஊருக்கு ஒருத்தியாக அருங்காட்சியகங்களிலும் நூலகங்களிலும் குடியேறினார்கள். மிஸ் நாரா, மிஸ் கொச்சி என்று அனுப்பிய இடத்தின் பேரே அவரவர் பேர்.

பிறகு போர் வந்தது. 1943 வாக்கில் ஜப்பானில் நீலக்கண் பொம்மைகள் எதிரி நாட்டு ஒற்றர்களாகிவிட்டார்கள். பள்ளி முற்றங்களில் எரித்தார்கள், மூங்கில் ஈட்டியால் குத்தினார்கள், அதையும் பிள்ளைகளைக் கூட்டி வைத்தே செய்தார்கள். இன்னொரு நாட்டைப் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்ய ஒரு பொம்மை போதும் என்றால், அந்நாட்டை வெறுக்கக் கற்றுக்கொடுக்கவும் அதே பொம்மை போதும். சில ஆசிரியர்கள் மட்டும் பரணிலும் சாமான் அறைப் பெட்டியிலும் துணி சுற்றி மறைத்து வைத்தார்கள். அகப்பட்டிருந்தால் வேலை மட்டும் போயிருக்காது. எழுபதுகளில் அவை ஒவ்வொன்றாக வெளியே வரத் தொடங்கின. இன்று முந்நூறுக்கு மேல் மிஞ்சியிருக்கின்றன. எண்பதுகளின் கடைசியில் குலிக்கின் பேரன் மறுபடி ஜப்பானியப் பள்ளிகளுக்குப் பொம்மை அனுப்ப ஆரம்பித்தார், உடுப்பும் பாஸ்போர்ட்டும் பழைய முறைப்படியே.

பொம்மையை நம்பிக் குழந்தைகளிடம் போனவர்கள் வேறு இடங்களிலும் உண்டு. டில்லியில் கார்ட்டூனிஸ்ட் சங்கர் 1965-ல் திறந்த பொம்மை அருங்காட்சியகத்துக்கு விதை, ஹங்கேரித் தூதர் ஒருவர் நேருவிடம் கொடுத்த ஒரே ஒரு பொம்மை. அளவில் இதற்கு நேர் எதிர்க்கோடி பாஸ்டன் குழந்தைகள் அருங்காட்சியகம். மிஸ் கியோட்டோ அங்கேதான் இருக்கிறாள். 1979-ல் கியோட்டோ நகரம் தன் சகோதர நகரமான பாஸ்டனுக்குப் பட்டு நெசவுப் பேட்டையிலிருந்து ஒரு பழைய வீட்டையே பிரித்து அனுப்பியது. தச்சர்கள் போய் மீண்டும் பூட்டினார்கள். வீட்டுக்குள் நுழையும் பிள்ளை முதலில் செருப்பைக் கழற்றவேண்டும். அமெரிக்கப் பிள்ளைகளுக்கு அதுவே பெரிய பாடம். நம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர ஒன்றும் மிச்சமில்லாத இடமும் அதுதான். நம் பிள்ளைகளை அங்கே அழைத்துப்போனால் நேராகத் தாதமி பாய்க்குப் போய்விடலாம். பாயின் எண்ணிக்கையில் அறையின் அளவைச் சொல்கிறார்கள், இத்தனை பாய் அறை என்று. பத்து வயதுப் பிள்ளைக்கு அது போதும், வீட்டுக்கு வந்ததும் அளவெடுக்க ஆரம்பித்துவிடும்.

58 பேருக்குத் திரும்பி வருவோம், ஒரு துப்பறியும் கதை பாக்கி. ஊர் ஊராகச் சுற்றியபோது பெட்டியைத் திறந்து, நிறுத்தி, மறுபடி கட்டி என்று எத்தனையோ முறை நடந்தது. ஜப்பானியம் படிக்கத் தெரியாதவர்கள் கட்டினார்கள். ஒருத்தியின் பீடம் இன்னொருத்திக்கு, ஒருத்தியின் பெட்டி வேறொருத்தியின் ஊருக்கு என்று மாறிவிட்டது. பெயர்ப்பலகையில் ஒரு மாகாணத்தின் பேரோடு நிற்பவள் உண்மையில் வேறு மாகாணத்துக்காரியாக இருக்கிறாள். நாற்பதுக்கு மேற்பட்டவர்களின் இருப்பிடம் இப்போது தெரியும். அவர்களில் யார் யார் என்று கண்டுபிடிக்க, புறப்படுமுன் ஜப்பானில் எடுத்த பழைய புகைப்படங்களை வைத்துக்கொண்டு கிமோனோவின் சித்திரத்தைப் பூப்பூவாக ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். தோளில் எந்தக் கிளை வளைகிறது, இடக்கை மடிப்பில் எத்தனை இதழ் தெரிகிறது என்பதுதான் சாட்சி. சிப்பி மாவு முகம் எல்லோருக்கும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி, துணி மட்டும் பொய் சொல்லாது.

இதைவிட நல்ல விளையாட்டு பிள்ளைகளுக்குக் கிடைக்காது. இரண்டு படத்தை மேஜையில் போட்டு, ஒரு பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்து, இவளும் அவளும் ஒருத்திதானா என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடவேண்டும். ஜப்பானைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டாம். கிமோனோவை இடப்பக்கம் மேலே வரும்படி உடுத்தியிருப்பது ஏன் என்று அரைமணி நேரத்தில் கேள்வி வரும்.